மீட்கப்பட்ட பெண்களின் கதி

இன்ன நகரத்தில் இன்ன வீட்டைப் போலீசார் சோதனையிட்டனர், அங்கு அடைத்து வைக்கப்பட்டிருந்த இத்தனை பெண்கள் மீட்கப்பட்டார்கள், தரகர்கள் சிலர் கைதானார்கள் என்ற செய்தி நமது தேசத்துப் பத்திரிகைகளில் வெளிவராத வாரம் அரிது. அதைப் படிப்பவர் மனம் ஒரு கணம் பதைக்கிறது. பிறகு, நல்ல வேளையாக அந்த அபாக்கியவதிகள் தப்பினார்கள் என்று ஆறுதல் அடைகிறது. அத்துடன் விஷயம் முடிந்துவிடுகிறது. சர்க்கார் தன் கணக்கில் ஓர் எண்ணைக் கூட்டிக்கொள்கிறது. மீட்கப்பட்ட பெண் அன்றிரவு எங்கே படுத்தாள், ஆறு மாதம் கழித்து எங்கே இருந்தாள், அவள் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள், அவளுக்குச் சேர வேண்டிய நஷ்டஈடு வந்ததா என்று கேட்பார் இல்லை. இக்கேள்விகளை இன்று பொதுஜனங்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

பெண்களை விலைப்பொருளாக்கி விற்கும் கொடுமை ஒழிய வேண்டும் என்பதில் நம்மவரிடையே இரண்டு அபிப்பிராயம் கிடையாது. ஆனால் அக்கொடுமையிலிருந்து வெளியே வந்த பெண்ணை எவ்விதம் நடத்துவது என்ற விஷயத்தில், சுதந்திரம் அடைந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பின்பும், நமது சட்டமும் நிர்வாகமும் தெளிவடையவில்லை. உதவி செய்வதாகச் சொல்லி அவளைப் பூட்டி வைக்கிறோம். பணம் தருவதாகச் சொல்லி அவளைக் காத்திருக்க வைக்கிறோம். எல்லாவற்றையும் அவள் நன்மைக்கென்றே செய்கிறோம். அவள் விருப்பம் என்னவென்று மட்டும் கேட்பதில்லை. மீட்புப் பணியின் குறைகள் பலவற்றிற்கும் மூலம் இந்த ஒரு குறையே என்பது நமது துணிபு.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். நமது அரசியல் சட்டத்தின் 23-வது ஷரத்து மனிதரை வியாபாரம் செய்வதை அறவே தடை செய்கிறது. அதையொட்டி 1956-ல் பார்லிமெண்டு ஒரு தனிச் சட்டம் இயற்றியது. 1986-ல் அது திருத்தப்பட்டு, ஒழுக்கக்கேடான வியாபாரத் தடைச் சட்டம் என்ற பெயரைப் பெற்றது. இச்சட்டத்தின் 17-வது பிரிவை வாசகர்கள் சற்றே கவனிக்க வேண்டுகிறோம். போலீசார் மீட்ட பெண்ணை மாஜிஸ்ட்ரேட் முன் கொண்டுவர வேண்டும். அவர் விசாரணை நடத்துவார். விசாரணை முடியும் வரையில், மூன்று வாரத்திற்கு மேற்படாமல் அவளைக் காவலில் வைக்கலாம். முடிவில், அவளுக்குப் பராமரிப்பும் பாதுகாப்பும் வேண்டியிருப்பதாக அவர் கருதினால், ஒரு வருஷத்திற்குக் குறையாமலும் மூன்று வருஷத்திற்கு மேற்படாமலும் ஒரு பாதுகாப்பு விடுதியில் தடுத்து வைக்க உத்தரவிடலாம். தடுத்து வைத்தல் என்பது நாம் கூட்டிச் சொல்லும் வார்த்தையன்று; சட்டத்தின் வார்த்தையே அதுதான்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பெண்ணை ஏமாற்றி ரயிலேற்றிக் கொண்டுவந்து விற்ற தரகனுக்கு ஜாமீன் கேட்கும் உரிமை உண்டு. வக்கீலை வைத்துச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அவன் வெளியே வந்துவிடக்கூடும். விற்கப்பட்ட பெண்ணோ விடுதியின் பூட்டிய கதவுக்குப் பின்னால் வருஷங்களைக் கழிக்க நேரிடும். அவளுக்கு ஜாமீன் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏனெனில் அவள் கைதி அல்லவாம்! மாஜிஸ்ட்ரேட்டின் உத்தரவின் மேல் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. பாஷை தெரியாத ஊரில், கையில் காசில்லாத பெண் யாரைப் பிடித்து அப்பீல் செய்வாள்? மரியாதைக்குரிய ஐந்து பேர் அடங்கிய ஒரு குழுவை, கூடியவரை மூவர் பெண்களாக இருக்கும்படி, மாஜிஸ்ட்ரேட் தமக்கு உதவியாக அழைத்துக்கொள்ளலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. "அழைத்துக்கொள்ளலாம்" என்பதில் உள்ள "லாம்" என்ற விகுதி எத்தனை நல்ல ஏற்பாடுகளை நமது தேசத்தில் காகிதத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறது என்பதை அனுபவமுள்ளவர் அறிவர்.

இம்முறையை ஆதரிப்பவர்களின் வாதத்தையும் நாம் அலட்சியம் செய்யவில்லை. விடுதலை செய்தால் மறுநாளே தரகர்கள் அவளைத் திரும்ப இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பயமுறுத்தலாலோ கடனாலோ பழக்கத்தாலோ அவளே திரும்பிப் போகவும் கூடும், ஆகையால் சில காலம் வெளியுலகத் தொடர்பில்லாமல் காப்பதே நல்லது என்கிறார்கள். அபாயம் மெய்தான். வயது வராத சிறுமிகள் விஷயத்தில் சர்க்கார் தாய் தந்தையர் ஸ்தானத்திலிருந்து காக்க வேண்டியதும் நியாயமே. ஆனால் வயது வந்த ஸ்திரீயின் விஷயம் வேறு. அபாயம் தரகனிடமிருந்து வருகிறதென்றால் அடைத்து வைக்க வேண்டியது தரகனையே. திருட்டுப் பயம் இருக்கிறதென்று வீட்டுக்காரரைச் சிறையில் வைக்கும் போலீசை நாம் எங்கும் கண்டதில்லை. மேலும், பாதுகாப்பு வேண்டும் பெண் தானே மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுச் செய்து விடுதியில் சேரலாம் என்று அதே சட்டத்தின் 19-வது பிரிவு சொல்லியிருக்கிறது. விரும்பி வருவோருக்கு வழி இருக்கும்போது விரும்பாதவரைப் பூட்டி வைப்பானேன்?

நியாய ஸ்தலங்கள் இதை உணரத் தொடங்கியிருக்கின்றன. 2020 செப்டம்பரில் பம்பாய் ஹைக்கோர்ட்டு, விடுதியில் வைக்கப்பட்டிருந்த வயது வந்த மூன்று பெண்களை விடுவிக்க உத்தரவிட்டது. வயது வந்த பெண்ணுக்குத் தன் இருப்பிடத்தையும் தொழிலையும் தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டு என்றும், அவள் இஷ்டத்திற்கு விரோதமாகத் தடுத்து வைக்கலாகாது என்றும் அத்தீர்ப்பு தெளிவுபடுத்திற்று. 2022 மே 19-ல் சுப்ரீம் கோர்ட்டு இன்னும் ஒரு படி மேலே சென்றது. மாகாண சர்க்கார்கள் யாவும் தத்தம் பாதுகாப்பு விடுதிகளைப் பரிசீலித்து, வயது வந்த பெண்கள் எவரேனும் தங்கள் விருப்பத்திற்கு மாறாக அங்கு வைக்கப்பட்டிருந்தால், அவர்கள் விஷயத்தை ஆராய்ந்து குறித்த காலத்திற்குள் விடுவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டது. இப்பெண்களைக் கண்ணியமாக நடத்த வேண்டும் என்று போலீசாருக்கும், சோதனைகளின்போது அவர்களுடைய அடையாளத்தை வெளியிடலாகாது என்று பத்திரிகைகளுக்கும் வழி கூறிற்று. உத்தரவு நல்ல உத்தரவு. இந்த மாகாணத்தில் இத்தனை விடுதிகள், அவற்றில் விருப்பமின்றி இருந்தவர் இத்தனை பேர், விடுவிக்கப்பட்டவர் இத்தனை பேர் என்ற விவரத்தை ஒவ்வொரு சர்க்காரும் சட்டசபையின் மேஜை மீது வைத்தாலன்றி அது நிறைவேறியதாக நாம் கொள்ள முடியாது.

இனி, விடுதிக்குள்ளே நடப்பதைப் பார்ப்போம். விடுதிகள் அனைத்தும் கொடியவை என்று சொல்வது அநியாயம். சொற்பச் சம்பளத்தில், சர்க்கார் மான்யம் எப்போது வருமென்று தெரியாத நிலையில், இரவு பகலாகத் தொண்டு செய்யும் உத்தமிகள் பலர் அவற்றில் இருக்கிறார்கள். ஆயினும் ஏற்பாட்டின் அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது. தையல், பூ வேலை, மெழுகுவர்த்தி வார்த்தல், அப்பளம் இடுதல் ஆகியவையே பெரும்பாலும் அங்கு கற்பிக்கப்படும் கைத்தொழில்கள். ஒருத்தி எதுவரை படித்திருக்கிறாள், எந்தத் தொழிலில் அவளுக்கு நாட்டம், அவள் ஊரில் எந்த வேலைக்குக் கூலி கிடைக்கும் என்று விசாரித்துக் கற்பிப்பது அபூர்வம். ஆயத்த ஆடைகள் மலை மலையாகக் குவியும் காலத்தில், ஒரு தையல் யந்திரத்தைக் கையில் கொடுத்து, இதை வைத்துக்கொண்டு பிழைத்துக்கொள் என்று சொல்வது உதவியாகாது.

உடம்பின் நோய்க்காவது டாக்டரிடம் அழைத்துச் செல்கிறார்கள். மனத்தின் நோய்க்கு வைத்தியம் மிக அரிது. பல மாதங்கள் அடியும் அவமானமும் பட்டு வந்தவளுக்குத் தூக்கம் வராது. சிறு ஓசைக்கும் திடுக்கிடுவாள். சில சமயம் காரணமின்றிச் சீறுவாள். அதைக் கண்டு, நன்றி கெட்டவள், அடங்காதவள் என்று விடுதிக்காரர்கள் முடிவு கட்டுவதுண்டு. இதில் பாஷைத் தொல்லை வேறு. வங்காளத்துப் பெண் மகாராஷ்டிரத்திலும், ஆந்திரப் பெண் டில்லியிலும், நேபாளத்துப் பெண் எங்கெங்கோவும் மீட்கப்படுகிறார்கள். அவளுடைய பாஷையில் பேசி ஆறுதல் கூற ஆளில்லாத இடத்தில் ஆலோசனை என்ற பெயரில் நடப்பது, ஓர் அச்சடித்த பாரத்தைப் பூர்த்தி செய்வதே.

பூட்டிய கதவில் மற்றோர் அபாயமும் உண்டு. வெளியார் கண் படாத இடத்தில் தீமை வேர்விட்டு வளரும். பீஹாரிலுள்ள முஸாபர்பூரில், சர்க்கார் பணத்தில் நடந்து வந்த ஒரு சிறுமியர் விடுதியின் கதையைத் தேசம் மறந்திருக்காது. பெண் வியாபாரத்திலிருந்து மீண்டவர்களுக்கென்றே ஏற்பட்ட விடுதியன்று அது. ஆனால் அதன் பாடம் எல்லா விடுதிகளுக்கும் பொருந்தும். டாட்டா சமூக விஞ்ஞான ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்கள் அம்மாகாணத்து விடுதிகளைத் தணிக்கை செய்து அளித்த அறிக்கையினால்தான், அங்கிருந்த சிறுமிகள் நெடுநாளாகப் பலாத்காரத்துக்கு ஆளாகி வந்த கோரம் 2018-ல் வெளிப்பட்டது. 2020 ஜனவரியில் டில்லிக் கோர்ட்டு பத்தொன்பது பேரைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்தது. விடுதியை நடத்தியவன் ஆயுள் தண்டனை அடைந்தான். இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று. அச்சிறுமிகளுக்காக நியமிக்கப்பட்டிருந்த உத்தியோகஸ்தர்கள் பலர் இருந்தார்கள். ஆனால், பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்து, பயப்படாமல் சொல்லுங்கள் என்று கேட்ட வெளியார் வந்த பிறகுதான் உண்மை வெளிவந்தது. தணிக்கை என்பது கணக்குப் புஸ்தகத்தைப் புரட்டுவதன்று; உள்ளே இருப்பவளின் வாய்ச்சொல்லைக் கேட்பதே தணிக்கை.

விடுதிக் காலம் முடிந்து ஊர் திரும்பும் பெண்ணின் கதை இன்னும் பரிதாபமானது. பெற்றோரிடமோ கணவனிடமோ ஒப்புவிக்கு முன், அவர்கள் அவளை வைத்துக் காப்பாற்றத் தக்கவர்களா என்று தர்ம ஸ்தாபனம் ஒன்றின் மூலம் விசாரிக்கச் செய்ய வேண்டும் என்று சட்டம் விதிக்கிறது. நல்ல விதி. அவளை விற்றவர்களில் சொந்தக்காரரும் பக்கத்து வீட்டாரும் இருப்பதுண்டாகையால் அவசியமான விதியும்கூட. ஆனால் விசாரணை ஒரு நாளோடு முடிகிறது. அவள் வாழ்க்கை அங்கேதான் தொடங்குகிறது. ஊரார் கண்களில் அவள் களங்கப்பட்டவள். வேலைக்காரியாகச் சேர்ப்பவர்கூட யோசிக்கிறார்கள். வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. அவளை ஏமாற்றிய தரகன் தெருமுனையில் நின்று சிரிக்கிறான். வழக்கை வாபஸ் வாங்கு என்று மிரட்டுகிறான். அவளை மீட்ட மாகாணத்து அதிகாரிகள், எங்கள் கடமை ஒப்புவித்ததோடு தீர்ந்தது என்கிறார்கள். ஊரிலுள்ள அதிகாரிகள், எங்களுக்குத் தகவலே வரவில்லை என்கிறார்கள். இந்த நிலையில் அவள் மறுபடியும் ஒரு தரகனின் வார்த்தையை நம்பி வண்டி ஏறினால் குற்றம் யாருடையது?

எல்லை கடந்து வந்தவர்களின் நிலைமை இதனினும் கடினம். பங்களாதேசத்திலிருந்து கொண்டுவரப்பட்ட பெண் தன் நாடு திரும்ப வேண்டுமானால், அவள் அந்நாட்டுப் பிரஜைதான் என்று அங்கே விசாரித்து உறுதி செய்ய வேண்டும். கடிதங்கள் டில்லிக்கும் டாக்காவுக்குமாகப் போய் வருகின்றன. 2015 ஜூனில் இரு சர்க்கார்களும் இவ்விஷயமாக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதற்குப் பின்பும் மாதங்களும் வருஷங்களும் விடுதியிலேயே கழிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். தாய் தந்தையர் பெயரும் கிராமத்தின் பெயரும் தெளிவாகச் சொல்லக்கூடியவளை இவ்வளவு காலம் காக்க வைப்பதற்குக் காகித தாமதத்தைத் தவிர வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை.

நஷ்டஈட்டு விஷயத்திற்கு வருவோம். குற்றத்தினால் பாதிக்கப்பட்டவருக்குச் சர்க்காரே நஷ்டஈடு வழங்க வேண்டும் என்ற விதி 2009 டிசம்பர் 31 முதல் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றது. 2024 ஜூலையில் அமுலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. குற்றவாளி இன்னாரென்று கண்டுபிடிக்கப்படாவிட்டாலும், வழக்கு விசாரணைக்கே வராவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் மனுச் செய்து பெறலாம். பெண்களுக்கென்று தேசியச் சட்ட உதவி ஆணைக்குழு வகுத்த தனித் திட்டம் 2018-ல் அமுலுக்கு வந்தது. காகிதத்தில் இவ்வளவு தாராளம் இருந்தும், மீண்ட பெண்களில் இந்தப் பணத்தைக் கண்ணால் கண்டவர்கள் மிகச் சிலரே. காரணங்கள் வெளிப்படை. இப்படியொரு உரிமை இருப்பதாக அவளிடம் யாரும் சொல்வதில்லை. குற்றம் நடந்தது ஒரு மாகாணம், அவள் ஊர் மற்றொரு மாகாணம். எங்கே மனுச் செய்வது என்பதிலேயே காலம் கழிகிறது. மனுவோடு சேர்க்கப் போலீஸ் அறிக்கையின் நகல் வேண்டும். அது அவளிடம் இல்லை. பாங்கில் கணக்கு வேண்டும். கணக்குத் தொடங்க அடையாளச் சீட்டு வேண்டும். அதைத் தரகன் பிடுங்கிக்கொண்டு வருஷங்களாயின.

மற்றோர் உதாரணம் கூறுகிறோம். கொத்தடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்டோருக்காக இந்திய சர்க்கார் 2016-ல் ஒரு திட்டத்தைப் புதுப்பித்தது. விபசார விடுதி முதலிய இடங்களிலிருந்து மீட்கப்பட்ட பெண்ணுக்கு மூன்று லட்சம் ரூபாய் என்று அதில் கண்டிருந்தது. கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் உடனடிச் செலவுக்கு இருபதினாயிரம் ரூபாய் வரை கொடுத்துவிட்டு, பாக்கிப் பணம் குற்றவாளி தண்டனை அடைவதோடு பிணைக்கப்பட்டது. உடனடித் தொகை பின்னர் முப்பதினாயிரம் ஆக்கப்பட்டது. மனித வியாபார வழக்குகளில் தண்டனை எவ்வளவு அரிது என்பது சர்க்காருக்குத் தெரியாததா? சாட்சி பல்டி அடித்தாலும், போலீசார் விசாரணையில் கோட்டை விட்டாலும், சர்க்கார் வக்கீல் வாய்தா வாங்கிக்கொண்டே போனாலும், நஷ்டம் அப்பெண்ணுக்கே. வெள்ளத்தில் வீடிழந்தவனிடம், மழைக்குக் காரணமான மேகத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் பணம் தருகிறோம் என்று சொல்வதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

இதிலிருந்து இன்னொரு கேள்வி பிறக்கிறது. இப்பெண்ணை நாம் காப்பது அவளுக்காகவா, அவள் கோர்ட்டில் சொல்லப்போகும் சாட்சிக்காகவா? சாட்சியம் முக்கியந்தான், தரகர்கள் தண்டனை அடைய வேண்டியதும் அவசியந்தான். ஆனால் உதவியை அதற்கு விலையாக வைக்கக் கூடாது. இத்தாலி தேசத்தில் 1998-ஆம் வருஷத்துச் சட்டப்படி, இவ்வித அடிமைத்தனத்திலிருந்து தப்ப முயன்று ஆபத்துக்குள்ளாகும் அன்னிய நாட்டுப் பெண், போலீசில் புகார் செய்யாவிட்டாலும், தங்குவதற்கு அனுமதியும் சமூக உதவியும் பெற வழி உண்டு. கிரிமினல் வழக்கில் ஒத்துழைக்கச் சம்மதிப்பதை உதவிக்கு நிபந்தனையாக்கலாகாது என்று ஐரோப்பிய யூனியன் 2011-ல் தன் அங்கத்தினர் நாடுகளுக்கு விதித்தது. அங்கெல்லாம் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கொள்கை நேரானது என்கிறோம். ஐக்கிய நாடுகள் சபை 2000-ல் ஏற்ற மனித வியாபாரத் தடை ஒப்பந்தத்தை இந்தியாவும் 2011-ல் உறுதி செய்தது. தங்குமிடம், ஆலோசனை, வைத்தியம், வேலை, கல்வி ஆகியவற்றை அளிப்பது பற்றி ஒவ்வொரு நாடும் ஆலோசிக்க வேண்டும் என்று அது கூறுகிறது. பயமற்று, வயிறு நிரம்பி, மனம் தேறிய பெண்ணின் சாட்சியே கோர்ட்டில் நிற்கும் சாட்சி. உதவியை முன்னே வைத்தால் சாட்சியம் தானே பின்னே வரும்.

புதிய சட்டம் வருமென்று பல வருஷங்களாகச் சொல்லப்பட்டு வருகிறது. 2018 ஜூலையில் லோக் சபை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அது ராஜ்ய சபையைத் தாண்டவில்லை. 2019-ல் லோக் சபை கலைந்ததோடு காலாவதியாயிற்று. மறுபடியும் விடுதிகளையே பெரிதும் நம்பியது என்று அம்மசோதாவின் மேல் கூறப்பட்ட குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனால் மறுவாழ்வு உதவியைக் கிரிமினல் வழக்கின் முடிவோடு பிணைக்கக் கூடாது என்ற அருமையான விதி ஒன்றும் அதில் இருந்தது. அதுவும் சேர்ந்தே மறைந்தது. 2021-ல் வெளியான வரைவும் சட்டமாகவில்லை. இதற்கிடையே திட்டங்களின் பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டிருக்கின்றன. 2007-ல் உஜ்வாலா என்றார்கள். 2022-ல் அதையும் ஸ்வாதார் கிருஹத்தையும் சேர்த்துச் சக்தி சதன் என்றார்கள். பெயர்ப்பலகை மாறியதால் கதவின் பூட்டு மாறிவிடாது. 2022-ஆம் வருஷத்தில் தேசமெங்கும் பதிவான மனித வியாபார வழக்குகள் 2,250 என்று தேசியக் குற்றப் பதிவு நிலையம் கணக்குக் காட்டுகிறது. மீண்டவர்களில் எத்தனை பேர் ஒரு வருஷம் கழித்துச் சொந்தக் காலில் நிற்கிறார்கள் என்ற கணக்கையும் அதே சிரத்தையோடு எடுத்து வெளியிடக் கூடாதா?

இவ்விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு என்று கருதுகிறோம். பெண் வியாபாரத்தை ஒடுக்கச் சென்னை மாகாணம் 1930-லேயே சட்டம் செய்தது. தேவதாசி முறையை எதிர்த்துச் சட்டசபையில் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சட்டத்தோடு பெண்களின் துயரம் தீர்ந்துவிடும் என்று இருந்துவிடவில்லை. அம்முறையின் பிடியிலிருந்து விலக விரும்பிய பெண்கள் தங்க இடமின்றித் தவித்தபோது, தம் இல்லத்திலேயே இடங்கொடுத்து, அதே 1930-ல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அவர் அவர்களுக்குக் கொடுத்தது கல்வி. சட்டத்தின் கையும் தாயின் கையும் சேர்ந்தே நீள வேண்டும் என்பதை அன்றே காட்டிய மாகாணம், இன்று மற்ற மாகாணங்களுக்கு வழிகாட்டியாக முன்வர வேண்டாமா?

செய்ய வேண்டுவன யாவை என்று கேட்டால், நமது யோசனைகள் இவை. முதலாவது, வயது வந்த பெண்ணை அவள் சம்மதமின்றி விடுதியில் வைப்பதற்கு இடமளிக்கும் 17-வது பிரிவைப் பார்லிமெண்டு திருத்த வேண்டும். அதுவரை சுப்ரீம் கோர்ட்டின் 2022-ஆம் வருஷத்து உத்தரவை மாகாணங்கள் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்ற வேண்டும். இரண்டாவது, மீட்கப்பட்ட முதல் நாளிலேயே அவளுக்கென ஒரு வக்கீலையும், அவள் பாஷை அறிந்த ஒரு பெண் துணையையும் சர்க்கார் செலவில் அமர்த்த வேண்டும். அந்த வக்கீல் போலீசாருக்கோ விடுதிக்கோ கட்டுப்பட்டவராக இருக்கலாகாது. மூன்றாவது, இடைக்கால நஷ்டஈட்டை அவள் மனுச் செய்யும் வரை காத்திராமல், மாஜிஸ்ட்ரேட்டே குறித்த நாட்களுக்குள் சிபாரிசு செய்ய வேண்டும். வழக்கின் முடிவுக்கும் பணத்துக்கும் உள்ள முடிச்சை அறுத்தெறிய வேண்டும். நான்காவது, விடுதிகளை வருஷந்தோறும் வெளியார் தணிக்கை செய்து, பெண்களின் அடையாளம் தெரியாதபடி அறிக்கையைப் பிரசுரிக்க வேண்டும். ஐந்தாவது, விடுதியில் செலவிடும் பணத்தில் ஒரு பெரும் பகுதியை அவள் வசிக்க விரும்பும் ஊரிலேயே வீட்டு வாடகைக்கும், வைத்தியத்துக்கும், குழந்தையின் படிப்புக்கும், தொழிலுக்கும் செலவிட வேண்டும். குறைந்தது மூன்று வருஷமாவது ஒரே அதிகாரி அவள் நலனுக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பணம் ஏது என்பார்கள். பூட்டி வைக்கவும் பணம் செலவாகத்தான் செய்கிறது. கட்டிடத்துக்கும் காவலாளிக்கும் கொடுப்பதைப் பெண்ணின் கையில் கொடுங்கள் என்கிறோம். அவள் அதை வீணடித்துவிடுவாள் என்பவர்களுக்கு நமது பதில் ஒன்றே. தரகன் கையில் சிக்கியிருந்த காலத்திலும் ஊரிலுள்ள தாய்க்கும் குழந்தைக்கும் ஏதாவது அனுப்ப வழியுண்டா என்று தவித்தவர்கள் இவர்களில் அநேகர். பொறுப்பு என்றால் என்ன என்பதை இவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

மகிழ்ச்சிக்குரிய ஓர் அறிகுறியும் தென்படுகிறது. மீண்ட பெண்கள் பல மாகாணங்களில் தாங்களே சங்கங்களாகக் கூடியிருக்கிறார்கள். 2019-ல் அத்தகைய சங்கங்கள் சேர்ந்து ஓர் அகில இந்தியக் கூட்டமைப்பும் கண்டன. விடுதிகளை மட்டும் நம்பாமல், சொந்த ஊரிலேயே மறுவாழ்வு அமைய வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளில் முக்கியமானது. இத்தனை காலம் அவர்களைப் பற்றிப் பிறர் பேசி வந்தார்கள். இப்போது அவர்களே பேசுகிறார்கள். சட்டம் வகுக்கும் சபைகளிலும், விடுதிகளைத் தணிக்கை செய்யும் குழுக்களிலும் அவர்களுக்கு ஆசனம் கொடுக்க வேண்டியது அரசியலாரின் கடமை. மாஜிஸ்ட்ரேட் அழைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்லும் மரியாதைக்குரிய ஐவரில் இருவராவது இவர்களிலிருந்து வரட்டும். இவர்களைவிட அனுபவமுள்ளவர்கள் வேறு யார்?

சட்டசபைகளில் அமர்ந்திருக்கும் நம் பிரதிநிதிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஜில்லாவில் பாதுகாப்பு விடுதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், உரிய அனுமதியோடு அங்கு சென்று, உள்ளே இருக்கும் ஒவ்வொரு வயது வந்த பெண்ணையும் தனியே ஒரே ஒரு கேள்வி கேட்கச் செய்யுங்கள்: "அம்மா, இங்கே இருக்க உங்களுக்கு இஷ்டமா?" இல்லை என்று ஒருத்தி சொன்னாலும், அவளை மீட்கும் பணி இன்னும் பாக்கியிருக்கிறது என்று அறியுங்கள்.